ரீமாஸ்டர் வாங்கலாமா, தம்பி?

வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் என்று பேரைக் கேட்டாலே உனக்குக் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை நம்பித்தான் பழைய கேம்களைப் புதுப்பித்து விற்கிறார்கள். வாங்காதே என்று நான் சொல்ல வரவில்லை. அருமையான ரீமாஸ்டர்கள் இருக்கின்றன. ஆனால் விசாரிக்காமல் வாங்கினால் காசும் போகும், அந்த கேம் மேல் வைத்திருந்த பிரியமும் போகும்.

முதல் விஷயம், வெளியான அன்றைக்கே வாங்காதே. வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் அடங்கிய, 2021 நவம்பரில் வந்த ஜி.டி.ஏ. டிரிலஜி டெஃபினிட்டிவ் எடிஷனையே எடுத்துக்கொள். மழை பெய்தால் வெள்ளைக் கோடுகள் திரையை அடைத்து, வண்டி ஓட்டவே வழி தெரியவில்லை. கடைப் பலகைகளில் எழுத்துப் பிழைகள். எனக்கு அதிகம் வருத்தம் தந்தது மூடுபனியை எடுத்ததுதான். 2004-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வெகு தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைந்து காட்டும் தெம்பு கிடையாது. அதனால் சான் ஆண்ட்ரியாஸில் தொலைவைப் பனியால் மூடிவைத்தார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நெடும்பயணம் போவதாக நம்மை நம்பவைத்ததே அந்தப் பனிதான். புதுப் பதிப்பில் அதை நீக்கினார்கள். மேலே பறந்து பார்த்தால் மூன்று நகரங்களும் அடுத்தடுத்த தெருக்களாகக் கிடந்தன. படம் தெளிவானதில் ஊர் சுருங்கிப்போனது.

ஜி.டி.ஏ.வை வெளியிடும் ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது; விற்பனையிலிருந்து எடுத்திருந்த பழைய பி.சி. பதிப்புகளையும் திரும்பக் கொண்டுவந்தது. பழைய வெளிச்சத்தை மீட்டுத் தந்த பெரிய அப்டேட் வர 2024 நவம்பர் ஆனது. பொறுத்திருந்து அதற்குப் பிறகு வாங்கியவருக்கு உருப்படியான பொருள் கிடைத்தது.

முன்பதிவு வேண்டவே வேண்டாம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம் ரீமேக்கை யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்கள் செய்கின்றன என்று 2020-ல் அறிவித்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது. 2021 ஜனவரியில் வரும் என்றார்கள். தேதி தள்ளிக்கொண்டே போய், 2022-ல் வேலை மான்ட்ரியலுக்கு மாறியது.

அடுத்து, பழைய தோற்றத்துக்குத் திரும்ப ஒரு பட்டன் இருக்கிறதா என்று பார். என் கணக்கில் நல்ல ரீமாஸ்டரைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. 2024 பிப்ரவரியில் வந்த டூம்ப் ரைடர் 1-3 தொகுப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் 1996-ன் முக்கோண முக நாயகி லாரா, மறுபடி தட்டினால் புது லாரா. கன்ட்ரோலும் அப்படித்தான், பழைய முறையும் உண்டு, இன்றைய முறையும் உண்டு. 2020-ல் வந்த கமாண்ட் அண்ட் கான்கர் ரீமாஸ்டரில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் போதும். இப்படிப் பட்டன் வைப்பவர்களுக்குத் தங்கள் வேலை மேல் நம்பிக்கை இருக்கிறது; நீயே ஒப்பிட்டுப் பார் என்கிறார்கள்.

தயங்காமல் வாங்கு என்று நான் சொல்வது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனைத்தான். 1999-ல் வந்த கேம், 2019-ல் புதுப்பித்தார்கள். வயல் தீர்ந்துபோனால் தானாகவே மறுபடி விதைத்துக்கொள்ளும். பழைய ஆட்டத்தில் அதற்காகவே நாம் ஓடிக்கொண்டிருந்தோமே! 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கத்தில், அதுவரை இந்தியர் என்று ஒரே தரப்பாக இருந்ததைப் பிரித்து, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று தனித்தனியே கொண்டுவந்தார்கள். திராவிடர் பக்கம் எடுத்தால் சுருள்வாள் வீரர்களும் திரிசடை என்ற கப்பலும் கிடைக்கும். ராஜேந்திர சோழனின் படையெடுப்பையே ஒரு கேம்பெயினாக ஆடலாம். விரிவாக்கத்துக்குத் தனிக் காசுதான். ஆனாலும் ராஜேந்திரனுக்காக அதைக் கொடுக்கலாம், தம்பி.

காசு எடுக்கும் முன் உன் பழைய லைப்ரரியைத் திறந்து பார். ஸ்கைரிமை எல்லா விரிவாக்கங்களோடும் பி.சி.யில் வைத்திருந்தவர்களுக்கு 2016-ல் ஸ்பெஷல் எடிஷன் இலவசமாகவே வந்தது. குவேக் வைத்திருந்தவர்களுக்கும் 2021-ல் அப்படித்தான். டார்க் சோல்ஸ் ரீமாஸ்டரை ஸ்டீம் தளத்தில் பழசு வைத்திருந்தவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். ஸ்டார்கிராஃப்டுக்கு ரீமாஸ்டர் வந்த 2017-ல் மூல கேமையே இலவசமாக்கிவிட்டார்கள். முதலில் அதை ஆடிப் பார், பிடித்தால் புதுசுக்குப் போகலாம்.

உன் மெஷினையும் மறந்துவிடாதே. 2006-ன் ஆப்லிவியனுக்கு 5 ஜி.பி.கூடத் தேவைப்படவில்லை. 2025-ல் வந்த அதன் ரீமாஸ்டர் 125 ஜி.பி. கேட்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அதை வாங்கிப் போட்டு மனசு நோகாதே. பழசு நன்றாகவே ஓடும், தள்ளுபடி சமயத்தில் விலையும் கம்மி.

ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த நேரத்தைக் கதை ஆரம்பக் காட்சிகளில் செலவழிக்காதே. நேராக செட்டிங்ஸுக்குப் போ. கன்ட்ரோல் சரியா, சப்டைட்டில் படிக்க முடிகிறதா, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கட்டத்தில் கை பழையபடி நகர்கிறதா என்று பார். பாட்டுகளையும் கவனி. உரிமம் தீர்ந்துபோனதால் வைஸ் சிட்டி ரேடியோவிலிருந்து சில பாட்டுகளை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று. புதுசு வந்தாலும் பழசை விட்டுவிடாதே. 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு வந்தபோது, அதை வாங்காதவர்களுடைய பழைய கேமும் புது மென்பொருளுக்கு மாறியது. ஆன்லைன் தரவரிசை ஆட்டம் மாதிரி இருந்த வசதிகளும் காணாமல் போயின. உன்னிடம் சி.டி. இருந்தால் பத்திரப்படுத்து. ஜி.ஓ.ஜி. தளத்தில் வாங்கும் கேம்களுக்கு இன்ஸ்டாலரையே இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் நெட் இல்லாமலும் நிறுவலாம். அதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, பேர் எழுதி ஒட்டி வை.