ஒரு நிமிடத்தில் ஓர் இயற்பியல் கணக்கு

பெரியபாளையத்திலிருந்து செங்குன்றத்துக்கு ஒரு வேன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? கேட்டவுடன் 50 என்றுதான் வாய்க்கு வரும். தேர்வில் தரப்படும் நான்கு விடைகளில் 50 கட்டாயம் இருக்கும். அவசரக்காரர்கள் அதில்தான் விழுவார்கள் என்று கேள்வி தயாரிப்பவருக்குத் தெரியும். சரியான விடை 48.

இதற்கு ஒரு குறுக்குவழி ஃபார்முலா உண்டு. இரு வேகங்களையும் பெருக்கி, இரட்டித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மனப்பாடம் செய்தவர் பத்து விநாடியில் முடித்துவிடுவார். ஃபார்முலா மறந்துபோனவருக்கும் வழி இருக்கிறது. கேள்வியில் தூரமே தரப்படவில்லை. அப்படியென்றால் விடை தூரத்தைச் சார்ந்ததில்லை. வசதியாக 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். மொத்தம் 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. அடுத்த ஆண்டு கேள்வியைச் சற்றே திருப்பி, 'பயண நேரத்தின் முதல் பாதியில் 60, மறு பாதியில் 40' என்று கேட்டால் விடை 50 ஆகிவிடும். ஃபார்முலாவை மட்டும் வைத்திருப்பவர் அங்கேயும் 48 என்றே குறிப்பார்.

எந்தக் குறுக்குவழியை நம்பலாம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதுமான சான்று. அது எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையில் செல்லும் என்ற இரண்டும் தெரிந்திருந்தால் அது முறை. தெரியாவிட்டால் வெறும் அதிர்ஷ்டம்.

நேரம் எவ்வளவு நெருக்கடியானது என்பதை எண்களே சொல்லும். 2025 நீட் மருத்துவ நுழைவுத் தேர்வில் 180 நிமிடங்களுக்கு 180 கேள்விகள். அவற்றில் இயற்பியல் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். கால்குலேட்டர் கிடையாது. 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய அந்த ஆண்டுத் தேர்வில் பலரையும் தடுமாற வைத்தது இயற்பியல்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2020-ல் கொண்டுவந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் மகளுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் அந்த இடத்துக்கும் நீட் மதிப்பெண் வேண்டும்.

இந்த நெருக்கடியில் முதலில் செய்ய வேண்டியது அலகுச் சோதனை. கணக்கைத் தொடுவதற்கு முன் விடைகளின் பரிமாணத்தைப் பார்க்க வேண்டும். நேரத்தைக் கேட்கும் கேள்வியில் ஒரு விடையின் அலகு மீட்டராக வந்தால் அதை அங்கேயே அடித்துவிடலாம். இது பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்ன வித்தை மட்டுமல்ல. 1945 ஜூலை 16-ல் நியூ மெக்சிகோவில் நடந்த அணுகுண்டுச் சோதனையின் ஆற்றல் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. வெடிப்பின் புகைப்படங்கள் வெளியானதும், பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் நெருப்புக் கோளத்தின் ஆரம், நேரம், காற்றின் அடர்த்தி மூன்றையும் பரிமாணப்படி இணைத்து அந்த ஆற்றலை மதிப்பிட்டார். 0.025 விநாடியில் ஆரம் சுமார் 140 மீட்டர். ஆரத்தின் ஐந்தாம் படியை அடர்த்தியால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 10¹⁴ ஜூல் கிடைக்கும். ஒரு பிளஸ் ஒன் மாணவி காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. முறைக்கு எல்லையும் உண்டு: ஃபார்முலாவின் முன்னால் நிற்கும் எண் ½ ஆ, 2 ஆ என்று பரிமாணம் சொல்லாது.

அலகு எல்லாவற்றிலும் பொருந்திவிட்டால் அடுத்தது எல்லைச் சோதனை. வழவழப்பான மேசையில் ஒரு நிறை; அதோடு கயிற்றால் கட்டப்பட்டு, கப்பி வழியாக இன்னொரு நிறை கீழே தொங்குகிறது. கயிற்றின் இழுவிசை என்ன? சமன்பாடு எழுதும் முன் மேசைமேல் இருக்கும் நிறையைச் சுழியமாக நினைத்துப் பாருங்கள். தொங்கும் நிறை தடையின்றி விழும். கயிற்றில் இழுவிசையே இருக்காது. அப்போது சுழியம் தராத விடை எதுவும் சரியாக இருக்க முடியாது. தொங்கும் நிறையைச் சுழியமாக்கினாலும் அதே முடிவு. இரு நிறைகளின் பெருக்கற்பலன் தொகுதியில் நிற்கிற விடைதான் பெரும்பாலும் மிஞ்சும். சாய்தளக் கணக்குகளில் கோணத்தை 0 என்றும் 90 என்றும் வைத்துப் பார்ப்பதும் இதே முறைதான்.

பிறகு விகிதம். இதைப் பழகியவர்களுக்குப் பாதிக் கணக்குகளில் எண்களைப் பெருக்கும் வேலையே இருக்காது. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் லாரி, பிரேக் பிடித்த பிறகு 20 மீட்டரில் நிற்கிறது. 60 கிலோமீட்டரில் வந்தால்? நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் 2.25 மடங்கு, விடை 45 மீட்டர். கிலோமீட்டரை மீட்டராக மாற்றத் தேவையில்லை, முடுக்கம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நிபந்தனை: பிரேக் விசை மாறக் கூடாது. ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தில் ஓடும் தூரத்தைச் சேர்த்தால் விகிதம் உடைந்துவிடும். அந்தத் தூரம் வேகத்துக்கு நேர்விகிதமே தவிர வர்க்கத்துக்கு இல்லை.

விகிதத்துக்கு இன்னொரு எடுத்துக்காட்டு: பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 35 அடி, ஏறக்குறைய 10.7 மீட்டர். அவ்வளவு ஆழத்தில் ஒரு சிறு துளை இருந்தால் நீர் விநாடிக்குச் சுமார் 14.5 மீட்டர் வேகத்தில் பீறிடும். வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம்; அதனால் நீர்மட்டம் கால் பங்காகக் குறைந்தால் வேகம் பாதி. வர்க்கமூலத்தை மறுபடி கணக்கிட வேண்டாம்.

வேகம் மாறிக்கொண்டே இருக்கும் கணக்குகளுக்கு வரைபடம்தான் சிறந்த குறுக்குவழி. சென்னைப் புறநகர் ரயில் ஒன்று நின்ற நிலையிலிருந்து சீராக வேகமெடுத்து விநாடிக்கு 20 மீட்டரைத் தொட்டு, உடனே சீராகக் குறைந்து நிற்கிறது. மொத்தம் 180 விநாடி. முடுக்கமும் எதிர்முடுக்கமும் தரப்படவில்லை என்று பலர் கேள்வியை விட்டுவிடுவார்கள். வேகம்–நேரம் வரைபடம் ஒரு முக்கோணம். அதன் பரப்பே தூரம். ½ × 180 × 20 = 1,800 மீட்டர்.

விழுக்காட்டுக் கணக்கில் அதிகம் பேர் ஏமாறுவார்கள். தனி ஊசலின் நீளம் 1 விழுக்காடு கூடினால் அலைவு நேரம் அரை விழுக்காடு கூடும், சரி. நீளம் 44 விழுக்காடு கூடினால் 22 என்று குறிப்பது தவறு. 1.44-இன் வர்க்கமூலம் 1.2, விடை 20. பாதியாக்கும் வழி சிறிய மாற்றங்களுக்கு மட்டுமே. 5 விழுக்காட்டைத் தாண்டினால் முழுக் கணக்கையே போட்டுவிடுவது நல்லது.

இன்னும் சில நிபந்தனைகளைக் குறித்துவைக்கலாம். சம நிறைகள் மோதினால் திசைவேகங்கள் இடம் மாறும் என்பது நேருக்கு நேரான மீட்சி மோதலுக்கு மட்டும். அடுத்தடுத்த விநாடிகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருக்கும் என்பது ஓய்விலிருந்து சீரான முடுக்கத்தில் கிளம்பும்போது மட்டும். கம்பியை இழுத்து நீளத்தை இரட்டித்தால் மின்தடை நான்கு மடங்காகும், கன அளவு மாறாததால்; அதே பொருளில் அதே தடிமனில் இரு மடங்கு நீளக் கம்பி எடுத்தால் இரண்டு மடங்குதான்.

பயிற்சிக்கு ஒரு நோட்டு போதும். இடப்பக்கம் குறுக்குவழி, வலப்பக்கம் அது வந்த வழி, அடியில் நிபந்தனை. வலப்பக்கத்தைப் பார்க்காமல் எழுத முடிகிற முறைகளை மட்டும் தேர்வு அறைக்குக் கொண்டுபோக வேண்டும். வந்த வழியைத் தேட எங்கும் அலைய வேண்டாம்; தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் நூல்களில் பெரும்பாலானவை தமிழிலேயே இருக்கின்றன. பிறகு பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட வேண்டும்.

விடை தெரியாத கேள்வியை என்ன செய்வது? நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண்தான். அலகுச் சோதனையாலும் எல்லைச் சோதனையாலும் இரண்டு விடைகளை நீக்கிவிட்டுக் குறித்தால் அது ஒன்றரை மதிப்பெண் ஆகிறது. ஆகவே முழு விடை வராத கேள்வியிலும் அந்த இரண்டு சோதனைகளைச் செய்யாமல் அடுத்த பக்கம் திருப்பாதீர்கள்.