பட்டியல் கேட்ட தம்பிக்கு

பெரம்பலூர்,
பங்குனி மாதம்.

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. "டீச்சர், ஏழு நாள் ராத்திரிக்கு ஏழு சமையல் எழுதிக் கொடுங்க, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிக்கிறோம்" என்றாய். நீ அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு பார்ப்பவன். உன் வீட்டுக்காரி வேலை முடித்து, பஸ் பிடித்து, வீடு வந்து சேர ஆறரை ஆகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை எட்டு மணிக்கே தூங்கி விழுகிறான். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். இருந்தும் பட்டியல் தரமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்படிப்பட்ட பட்டியல்களை நிறையப் பார்த்துவிட்டேன். திங்கள் சப்பாத்தி, செவ்வாய் கொண்டைக்கடலைக் குழம்பு, புதன் இடியாப்பம் என்று வரிசையாக இருக்கும். எதைச் சாப்பிடுவது என்று சொல்லும். முந்தின நாள் என்ன செய்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இருக்காது. செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு டப்பாவைத் திறந்தால் கடலை கல்லாகக் கிடக்கும். எட்டு மணி நேரம் ஊற வேண்டியதை அந்த நேரத்தில் என்ன செய்வாய்? வண்டியை எடுத்துக்கொண்டு புரோட்டாக் கடைக்குப் போவாய். வேலைக்குப் போகிற வீட்டில் இரவுச் சமையல் தடுமாறுவது, என்ன சமைப்பது என்று தெரியாததால் இல்லை தம்பி. முந்தின இரவு யாரும் எதையும் ஊறப்போடவில்லை, அவ்வளவுதான்.

இரவு அடுப்பை அணைத்தபின் ஐந்து நிமிடம் நின்று யோசி. நாளைக்கு எது ஊற வேண்டும், எது புளிக்க வேண்டும்? ஊறுவதும் புளிப்பதும் காய்வதும் ஆள் இல்லாமலே நடக்கிற வேலைகள். நீ ஆலையில் இருக்கும்போதும் நடக்கும், தூங்கும்போதும் நடக்கும். வாரத் திட்டம் என்று நான் சொல்வது இந்த வேலைகளுக்கு நாள் குறிப்பதைத்தான்.

இன்னொன்றும் கேட்டாய். துவரம்பருப்பு ஆறு விசில் விட்டும் குழையவில்லை, பழைய பருப்பைத் தள்ளிவிட்டார்களா என்று. பழைய பருப்பும் வேக மறுக்கும், அது உண்மை. ஆனால் முதலில் உன் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பார். உன் ஆலை எந்தச் சுண்ணாம்புக்கல்லை அரைக்கிறதோ அதே கல்லின் ஊடாக வருகிற தண்ணீர் அது. பத்துக் கோடி ஆண்டுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். காரை கிராமத்தில் நத்தை போலச் சுருண்ட கல்லைப் பொறுக்கி நீ வகுப்புக்குக் கொண்டுவந்தாயே, அது அந்தக் கடலில் நீந்திய உயிர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பாறைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஹென்றி பிளான்ஃபோர்டு என்கிற ஆங்கிலேயர் 1862-இல் இந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களாலேயே பிரித்து எழுதினார். உலகத்தில் பாறை படிக்கிறவர்கள் இன்றும் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளையை அழைத்துப் போ.

அந்தக் கடல் விட்டுச்சென்ற கால்சியம்தான் உன் பருப்பை வேகவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. சூட்டில் அது கரைந்தால்தான் பருப்பு குழையும். கால்சியம் சேர்ந்தால் பசை இறுகும். புளியும் அப்படியே, புளிப்பு ஏறிய தண்ணீரில் பெக்டின் கரைய மறுக்கும். அதனால் பருப்புக்கு மட்டும் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வை. வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றும் முன் பருப்பை ஊறப்போடு. குழைந்த பிறகு புளியைக் கரைத்து ஊற்று. சீக்கிரம் வேகும் என்று ஆப்பச்சோடா போடச் சொல்வார்கள். போடாதே. அது பருப்பில் இருக்கிற பி1 வைட்டமினை அழித்துவிடும்.

பிள்ளையைப் பற்றி நீ சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. "ராத்திரிக்கு லேசா உப்புமா கிண்டிக் கொடுத்துடறோம்" என்றாய். அவன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அங்கே காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறிச் சாம்பாரோடு கிடைக்கிறது. மதியம் சத்துணவில் சோறும் முட்டையும். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் சத்துணவைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சி, நம் ஊர்களும் அடங்கியிருந்த அன்றைய திருச்சி மாவட்டத்து ஊர்தான். இரண்டு வேளையை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. உன் வீட்டுக்கு மிச்சம் இருப்பது இரவு ஒன்றுதான். காலையில் ரவை தின்ற பிள்ளைக்கு இரவும் ரவையா? பள்ளியில் அன்றைக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவை. அங்கே கிடைக்காததை வீட்டில் கொடு: கீரை, பயறு, நாட்டுக் காய்.

இரவில் கீரை ஆகாது என்று உன் அம்மா சொல்வார்கள். விளக்கு மங்கலாக இருந்த காலத்தில் கீரைக்குள் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. அதனால் வந்த வழக்கம் என்பது என் எண்ணம். பகலில் வீட்டில் ஆளே இல்லாத உங்களுக்கு அந்த விதியை வைத்துக்கொண்டால் வாரம் முழுக்கக் கீரையே கிடையாது. காலையில் உழவர் சந்தைக் கீரையை வாங்கி, ஆய்ந்து, ஈரம் இல்லாமல் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போ. இரவில் பத்து நிமிட வேலை.

டிபன்தான் இரவுக்கு நம் வழக்கம் என்று உங்கள் தலைமுறை எப்படி நம்பியதோ தெரியவில்லை. என் சிறுவயதில் இட்லி என்றால் தீபாவளி, பொங்கல். இந்த மானாவாரி மண்ணில் பகலெல்லாம் காட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் பொழுது சாய்ந்துதான் உலை வைத்தார்கள். வரகோ சோளமோ கம்போ, நாளில் சுடச்சுட ஒருவேளை அதுதான். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் காலைக்குப் பழையது. அதற்கு வெங்காயமும் மோரும். ஒரு உலை இரண்டு வேளைக்கு. வாரத் திட்டம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, நடந்தது அதுதான். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் புல்வேளூர்ப் பூதன் இட்ட சாப்பாடு வருகிறதே, வரகரிசிச் சோறு, கத்தரிக்காய் வதக்கல், புளித்த மோர், மூன்றே மூன்று. அதை ஒரு தமிழ்க் கிழவி உலகம் முழுவதற்கும் ஈடு என்று பாடிவிட்டாள். ஏழு நாளைக்கு ஏழு வகை கேட்கிற உனக்கு இதை ஒருநாள் வகுப்பில் சொல்லிக்காட்டியது நான்தான்.

வரகு நம் அடுப்பை விட்டுப் போனது ருசி குறைந்து அல்ல. அதன் உமி கெட்டியாக அடுக்கடுக்காய் ஒட்டியிருக்கும். திருகையில் சுற்றி, புடைத்து, குத்தி அரிசியாக்கப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ரேஷன் அரிசி வந்ததும் அந்தப் பாட்டைக் கைவிட்டார்கள். நான் குறை சொல்லமாட்டேன். இன்று மிஷினில் உரித்த வரகரிசி கடையிலேயே கிடைக்கிறது. அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் வைத்தால் போதும். வாரத்தில் ஒருநாள் செய்.

சோறு எதுவானாலும் ஒன்றை மறக்காதே. வெந்த சோற்றில் கொதியிலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் இருக்கும். மூடிப்போட்டு மேடையிலேயே விட்டால் முளைத்து நஞ்சைக் கக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மிச்சச் சோறு ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும்.

இப்போது வடகத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்றுகூட வைத்துக்கொள்.

சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் பிறந்தவன் நீ. செட்டிகுளம் பக்கம் போனால் வயலோரம் மூங்கிலும் கீற்றும் வைத்துக் கட்டிய வெங்காயப் பட்டறைகளைப் பார்க்கலாம். காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற மாதிரி கட்டியிருப்பார்கள். விலை வரும்வரை, அடுத்த நடவு வரும்வரை வெங்காயம் அதில் காத்திருக்கும். அந்த ஊர்க்காரனான நீ இரவு எட்டு மணிக்கு வெங்காயம் உரித்துக் கண் எரிகிறது என்கிறாய். சித்திரை வெயிலில் ஒரே வாரம் உழைத்தால் வருஷம் முழுக்க அந்த வேலை மிச்சம்.

ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு உரி. கண்ணும் எரியாது, தோலும் கழன்று வரும். அரைக்கிலோ பூண்டைத் தோலோடு தட்டிக்கொள். வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடி. மிக்சியில் கூழாக்கிவிடாதே, கூழானால் வடகம் கசக்கும். அரைக்கிலோ உளுத்தம்பருப்பு, கால்கிலோ கடுகு, கால்கிலோ சீரகம், நூறு கிராம் வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு, இரண்டு கை கறிவேப்பிலை. எல்லாவற்றையும் பிசைந்து ஒருநாள் இரவு மூடிவை. விடிந்ததும் உருண்டை பிடித்துத் தட்டில் வெயிலுக்கு வை. பொழுது சாய்ந்ததும் உருண்டைகளை உதிர்த்துப் பாத்திரத்தில் ஊறிநிற்கும் சாற்றிலேயே திரும்பப் பிசை. மறுநாளும் இதே. சாறு முழுக்க உள்ளே போகும்வரை செய். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு அழுத்தி உருட்டி, உள்ளே ஈரம் இல்லாமல் காயவிடு. வெங்காயத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அது போனபின் மிஞ்சுகிற உருண்டைகள் ஒரு ஜாடிக்குள் அடங்கிவிடும்.

பிறகு பார். இரவு ஏழு மணிக்குச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் உருண்டையில் கால்வாசியைக் கிள்ளிப் போடு. கடுகு, உளுந்து, வெந்தயம், வெங்காயம், பூண்டு, ஐந்தும் ஒரே நேரத்தில் பொரியும். தெருமுனை வரை மணக்கும். அதில் புளியைக் கரைத்து ஊற்றினால் குழம்பு. கீரையில் கொட்டினால் கடையல். கருவாடு போட்டால் கேட்கவே வேண்டாம். உரிப்பதும் நறுக்கும் வேலையும் சித்திரையிலேயே முடிந்துவிட்டது. வாரத்துக்குத் திட்டம் போடுகிறேன் என்கிறார்கள். எங்கள் ஆத்தா வருஷத்துக்குப் போட்டாள். ஃப்ரிட்ஜ் கதவில் அல்ல, மொட்டைமாடி வெயிலில். பாக்கெட்டில் வடகம் விற்கிறார்களே என்று சொல்லாதே. நான் வாங்கிப் பார்த்த ஒன்றில் வெங்காயத்தைவிட உளுந்துதான் அதிகம்.

இன்னும் ஒரு சொல். "நான் அவளுக்கு உதவி பண்றேன் டீச்சர்" என்றாய். உதவி என்ன உதவி? நீயும் உன் பிள்ளையும் சாப்பிடவில்லையா? 'சமைத்துப் பார்' எழுதிய மீனாட்சி அம்மாளிடம் உறவினர்கள் கடிதம் போட்டுச் சமையல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதுதான் 1951-இல் புத்தகமானது. என்னிடம் படித்த ஆண்பிள்ளைகளில் சமையலுக்காகப் போன் செய்தவன் நீ ஒருவன்தான். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. ஆகவே ஷிப்டு அட்டவணையைப் பார்த்து நாளைப் பிரித்துக்கொள். காலை ஷிப்டில் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிற வாரம் மாவு ஆட்டுவதும் உலை வைப்பதும் உன்னுடையது. இரவு ஷிப்டு வாரம் ஊறப்போடும் வேலை மட்டும் உன்னுடையது. கிளம்பும்போது ஒரு கை பயறு தண்ணீரில் விழட்டும்.

திங்கள், வெள்ளி உங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. சிறுவாச்சூர்க் கோயில் நடை திறக்கிற நாட்கள். ஞாயிறு கறி. மிச்சம் நான்கு இரவு. அதற்கா ஒரு பட்டியல்?

சித்திரை பிறந்ததும் முதல் ஞாயிறு மூவரும் இங்கே வந்துவிடுங்கள். வெங்காயம் நான் வாங்கி வைக்கிறேன். உரலும் உலக்கையும் வீட்டில் இருக்கின்றன. விளக்கெண்ணெய் மட்டும் செக்கில் ஆட்டியதாய்ப் பார்த்து அரைலிட்டர் வாங்கி வா.

அன்புடன்,
உன் கெமிஸ்ட்ரி டீச்சர்