புராஸ்டேட் திசுப் பரிசோதனை: தொற்றைத் தவிர்க்க நோயாளி செய்ய வேண்டியவை

புராஸ்டேட் சுரப்பியிலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கூறும்போது, வலிக்குமா, புற்றுநோயா என்ற இரு கேள்விகளையே நோயாளிகள் பெரும்பாலும் எங்களிடம் கேட்கின்றனர். தொற்றைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலர். ஆயினும் பயாப்சி எனப்படும் இப்பரிசோதனையில் நாங்கள் மிகவும் அஞ்சும் பின்விளைவு அதுவே.

இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு உயர்ந்திருந்தாலோ, எம்.ஆர்.ஐ. படத்தில் ஐயத்துக்குரிய பகுதி தென்பட்டாலோ இப்பரிசோதனை தேவைப்படலாம். புராஸ்டேட் மலக்குடலுக்குச் சற்று முன்னால் அமைந்துள்ளது. எனவே மலக்குடலுக்குள் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, அதன் சுவரைத் துளைத்து ஊசியைச் செலுத்துவதே நெடுங்கால வழக்கம். பொதுவாக 12 இடங்களில் திசு எடுக்கப்படும். ஊசி எவ்வளவு தூய்மையாக இருப்பினும், அது கடந்து செல்லும் பாதை தூய்மையானதன்று. குடலில் தீங்கின்றி வாழும் ஈ.கோலை கிருமி, ஊசித் தடத்தின் வழியே இரத்தத்தை அடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆக, தொற்றுக்குக் காரணமான கிருமி பெரும்பாலும் நோயாளியின் குடலிலேயே முன்னரே இருக்கிறது.

அதைத் தடுக்க சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மாத்திரை போதும் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் பரிசோதிக்கப்படும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பாலானவை அம்மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. இது தொலைவில் நடப்பதன்று. கடைசி நிலை ஆன்டிபயாடிக் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் மரபணுவைக் குறித்து, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலானோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் பெறப்பட்ட 44 கிருமி மாதிரிகளில் அது காணப்பட்டது. 2012-இல் மருத்துவ வல்லுநர்கள் சென்னையில் கூடி, இச்சிக்கலை எதிர்கொள்ளும் வழிகளைச் ‘சென்னைப் பிரகடனம்’ என வகுத்தனர். 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்கும்போது மருந்துக்கடைகள் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. இருந்தும், சீட்டில்லாமல் மாத்திரை வாங்கும் பழக்கம் நின்றபாடில்லை.

ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதியில் இதற்குக் காரணமும் உண்டு. வயிற்றுப்போக்கு கண்டவர், ஷிப்ட் தவறினால் சம்பளம் பிடிக்கப்படுமே என்று கடையில் நான்கு மாத்திரைகள் வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்கிறார். அந்த நான்கு மாத்திரைகளே, மருந்துக்கு அடங்காத கிருமிகளை அவர் குடலில் மிஞ்சச் செய்யக்கூடும். ஆகவே கடந்த ஆறு மாதங்களில் எந்த ஆன்டிபயாடிக் உட்கொண்டாலும், மருத்துவமனையில் தங்கியிருந்தாலும், சிறுநீர்த் தொற்றோ சிறுநீர்க் குழாயோ இருந்தாலும் எங்களிடம் கூறுங்கள். மருந்தின் பெயர் தெரியாவிடில் அட்டையைக் கொண்டுவாருங்கள். எவரையும் கடிந்துகொள்வதற்காக நாங்கள் இதைக் கேட்பதில்லை; உங்கள் விடையைக் கொண்டே மருந்தைத் தேர்வு செய்கிறோம். தேவையெனில் சில நாள்கள் முன்னதாக மலக்குடலிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கிருமி எம்மருந்துக்குக் கட்டுப்படும் என்று கல்ச்சர் பரிசோதனையில் அறியலாம். சிறுநீரில் தொற்று இருந்தால் அது தீரும்வரை பயாப்சியை ஒத்திவைப்போம். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் அவசியம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்வோர் அதைத் தாமாக நிறுத்தாமல் முதலில் எங்களைக் கேட்க வேண்டும்.

மலக்குடல் வழியே செய்வதானால், ஊசி செலுத்துமுன் போவிடோன் அயோடின் கொண்டு மலக்குடலைத் துடைப்பது தொற்றைக் கணிசமாகக் குறைக்கிறது. மலிவான, எளிய முறை இது. அதனினும் மேலானது, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் வழியே ஊசி செலுத்துவது. குடல்சுவர் துளைக்கப்படாததால் இரத்தத் தொற்று மிக அரிது. அவ்விடத்தை மரத்துப்போகச் செய்தே இதைச் செய்ய இயலும். ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் இம்முறைக்கே முதலிடம் தருகிறது. உங்களுக்கு எம்முறை திட்டமிடப்பட்டுள்ளது என்று தயங்காமல் கேளுங்கள்.

பயாப்சிக்குப் பின் சில நாள்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்திலும் சிறிது இரத்தம் காணப்படலாம். அது தொற்றின் அறிகுறியன்று. காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வேறு. அவை பெரும்பாலும் முதல் சில நாள்களிலேயே தோன்றும். மகன் வீட்டில் தங்கி பயாப்சி செய்துகொள்ளும் தந்தையர் பலர், மறுநாளே ஊருக்குப் பேருந்து ஏற விரும்புகின்றனர். ஒரு வாரமாவது இங்கேயே இருக்குமாறு வேண்டுகிறோம். அறையில் தனியே தங்கி இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், பகலில் உறங்கும்போது தம்மை யாரேனும் ஒருவர் கவனித்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும்.

வெப்பநிலை 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலோ, உடல் நடுங்கினாலோ, சிறுநீர் கழிக்க இயலாவிடினோ, பாராசிட்டமால் உட்கொண்டு விடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம். நள்ளிரவாயினும் வாருங்கள். வேறு மருத்துவமனை அருகில் இருந்தால் அங்கே செல்லுங்கள். அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது, “இத்தனையாம் தேதி புராஸ்டேட் பயாப்சி செய்தார்கள்” என்பதே. இரத்தமும் சிறுநீரும் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டு, முடிவுக்குக் காத்திராமல் உடனே நரம்பு வழியே மருந்து தொடங்கப்படும்.