ஒற்றை நட்சத்திரத்துக்கு என்ன பதில்?

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். வார நாட்களில் துறைமுக லாரி ஓட்டுநர்களும் அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர்களும் வருவார்கள். அவர்களுக்கு ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரம் பார்க்க வரும் வெளியூர்க் குடும்பங்கள் அப்படி இல்லை. கூகுள் மேப்பில் நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் வண்டியை நிறுத்துவார்கள். அந்தப் பக்கத்தைக் கவனித்துவந்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

சந்தேகம் வந்தால் விவரம் கொடுங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் கலந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்துப்போயின. எண்ணூர் மீன் என்றாலே சனங்கள் ஒதுங்கினார்கள். கடைக்கு வந்தே இராதவர்கள்கூட “இங்கே மீன் சாப்பிடாதீர்கள்” என்று ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள்.

அவர்கள் பயம் நியாயமானது. “எங்கள் மீன் சுத்தமானது” என்று மட்டும் எழுதினால் யார் நம்புவார்கள்? கழிமுக மீன், இறால், நண்டு வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்பதையும், அன்றைய மீன் காசிமேட்டில் வாங்கியது என்பதையும் தினமும் படத்தோடு, தேதியோடு பதிவிட்டேன். கருத்து எழுதியவர்களுக்கும் இதையே பதிலாகத் தந்தேன். மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். வாடிக்கையாளர் தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு விவரம், பத்து வாக்குறுதிகளைவிடப் பலமானது.

பதிலை எல்லோரும் படிப்பார்கள்

“வஞ்சிரம் வறுவல் கொள்ளை விலை” என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெரிய மீன் விலை ஏறிவிடும். நான் எழுதிய பதில்: “சார், தடைக்காலத்தில் வஞ்சிரம் வரத்து குறைவு. இனி ஆர்டர் எடுக்கும்போதே விலையைச் சொல்லிவிடுகிறோம். பைபர் படகில் வரும் சின்ன மீன் விலை குறைவாகக் கிடைக்கும்.” காரணம், செய்யப்போகும் மாற்றம், வேறு வழி ஆகிய மூன்றும் நாலு வரிக்குள் வந்துவிட வேண்டும். கோபமாக இருக்கும்போது பதில் எழுதாதீர்கள். அவர் தமிழில் எழுதியிருந்தால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.

நட்சத்திரத்தை விலைக்கு வாங்காதீர்கள்

“இவ்வளவு பணம் கொடுங்கள், இத்தனை ஐந்து நட்சத்திரம் போட்டுத் தருகிறோம்” என்று போன் வரும். உடனே மறுத்துவிடுங்கள். நல்ல கருத்து எழுதினால் ஒரு மீன் வறுவல் இலவசம் என்பதும் கூகுள் விதிப்படி தவறுதான். இணையக் கருத்துகளுக்காக 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும் விலைக்கு வாங்கிய கருத்துகளை ஏற்பதில்லை. சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களிடம், “எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள்” என்று கேட்டாலே போதும். திருப்தியாகச் சாப்பிட்டவர்களிடம் மட்டும் கேட்காமல், எல்லோரிடமும் கேளுங்கள்.

எதை நீக்கச் சொல்லலாம்?

வசவு, விளம்பரம், கடைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, போட்டிக் கடைக்காரர் வேண்டுமென்றே போட்டது போன்றவற்றைக் கூகுளிடம் புகார் செய்யலாம். குழம்பில் உப்பு அதிகம் என்பதை நீக்கச் சொல்ல முடியாது. அதைச் சமையலறையில்தான் சரிசெய்ய வேண்டும். ஒரே குறையை இரண்டு பேர் எழுதினால் அன்றைக்கே சமையல்காரரிடம் பேசிவிடுகிறேன்.

சாப்பிட வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெறும் நட்சத்திரத்தோடு விட்டுவிடாதீர்கள். என்றைக்கு வந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எது சரியில்லை என்று எழுதுங்கள். எங்களைப் போன்ற சின்னக் கடைகள் அதைப் படித்துத்தான் திருத்திக்கொள்ள முடியும்.