இன்ஜினுக்குள் ஒரு தண்ணி மோட்டார்
(பழைய அம்பாசடர் காரில் வாட்டர் பம்ப் மாற்றுவது எப்படி?)



நம்ம கழனியில் கிணற்றுத் தண்ணியை இறைக்கிற மோட்டார் பம்ப்பும், காரில் இருக்கிற வாட்டர் பம்ப்பும் ஒரே இனம்தான். இரண்டிலும் உள்ளே ஓர் இறக்கைச் சக்கரம் சுற்றும். நடுவில் வரும் தண்ணியை ஓரத்துக்கு வீசி வெளியே தள்ளும். இதற்கு மையவிலக்கு பம்ப் என்று பெயர். கழனியில் கரண்ட் சுற்ற வைக்கிறது. காரில் இன்ஜினே பேன் பெல்ட் மூலமாகச் சுற்ற வைக்கிறது.

எங்க பெரியப்பா வாடகைக்கு ஓட்டுவது அம்பாசடர் டீசல் கார். 1489 சி.சி. இன்ஜின். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்தது. 2014-ஆம் ஆண்டோடு அந்தக் கார் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனாலும் நம்ம உத்திரமேரூர் பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் முகூர்த்த நாள் நெருங்கும்போது பம்ப் ஒழுக ஆரம்பித்தது. பெரியம்மா, "காயலான் கடையில போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பா, "அதைப் போட்டுட்டு சோத்துக்கு என்ன பண்றது?" என்றார்.

தண்ணி எதற்கு என்று கேட்கலாம். ஒரு கிலோ தண்ணியை 1 டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். இரும்புக்கு அதில் ஒன்பதில் ஒரு பங்கு போதும். அதனால் இன்ஜின் சூட்டைத் தண்ணி நிறைய வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடும். பம்ப் நின்றால் தண்ணி ஓட்டம் குறைந்து கொதித்துவிடும். ஹெட் கேஸ்கட் போய்விட்டால் செலவு பல மடங்கு.

பம்ப் முன்கூட்டியே சொல்லிவிடும். அதன் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. உள்ளே சீல் தேய்ந்தால் அது வழியாகச் சொட்டும். சிலர் அதை ஓட்டை உடைசல் என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைக்கிறார்கள். அது ரொம்பத் தப்பு! அடைத்தால் தண்ணி பேரிங்குக்குள் போய் அதையும் கெடுக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது பேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாலும் தெரியும். எங்க வண்டியில் லொடலொட என்று ஆடியது.

பெரியப்பா சென்னை புதுப்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய் வேறு பம்ப் வாங்கி வந்தார். கழற்றுவதற்கு மெக்கானிக் அண்ணன் வந்தார். டார்ச் பிடித்தது நான். (பொண்ணுக்கு எதுக்கு கிரீஸ் வேலை என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டது. கேட்டுவிட்டு அதுவும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தது.)

முதல் விதி, இன்ஜின் நன்றாக ஆறணும். ரேடியேட்டர் மூடி குக்கர் மூடி மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணி 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ஆறிய பிறகு ரேடியேட்டர் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணியை வடித்தோம். பிளாக்கிலும் ஒரு குழாய் உண்டு, அதையும் திறக்கணும். ஹோஸ்களைக் கழற்றி, இடம் பத்தாததால் ரேடியேட்டரையும் வெளியே எடுத்தோம். டைனமோ போல்ட்டைத் தளர்த்தினால் பெல்ட் தானாக வந்துவிடும். பிறகு பேன், பிறகு பம்ப் போல்ட்டுகள். அண்ணன் ஓர் அட்டையில் பம்ப் மாதிரி வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த அட்டைதான்.

உடனே புதுசை மாட்டக் கூடாது. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து ஓட்டைகளும் தண்டின் நீளமும் சமமா என்று பார்த்தோம். தண்டு நீளமாக இருந்தால் பேன் ரேடியேட்டரைக் கிழித்துவிடும். ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைப் பிளேடால் சுரண்டும்போது, தூள் உள்ளே விழாமல் துணி அடைத்தோம். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும். ஒரே பக்கம் முறுக்கினால் பம்ப் சாய்ந்து கசியும்.

பெல்ட் விஷயத்தில் அண்ணன் ரொம்பக் கண்டிப்பு. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இன்ச் இறங்கணும். அதிகமாக இறுக்கினால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். பழைய பெல்ட் கம்பி மாதிரி விறைப்பாக இருந்ததாம். பம்ப் போனதற்குக் காரணமே அதுவாக இருக்கும் என்றார். போர் தண்ணி ஊற்றவும் விடவில்லை. உப்புத் தண்ணி நம்ம வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது மாதிரி உள்ளே படியும். கூலன்ட் ஊற்றினோம், அது துருவும் பிடிக்க விடாது. மெதுவாக ஊற்றி, மூடி போடாமல் இன்ஜினை ஓடவிட்டோம். குமிழி குமிழியாகக் காற்று வந்து மட்டம் இறங்கியது. மறுபடி ஊற்றி நிரப்பிய பிறகுதான் மூடி போட்டோம்.

ராத்திரி வண்டிக்கு அடியில் காய்ந்த அட்டை ஒன்றைப் போட்டு வைத்தோம். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு கூட இல்லை. பெரியப்பா மானாம்பதி கல்யாண சவாரிக்குக் கிளம்பிவிட்டார்.