விண்வெளி நிலையத்துக்கு ஆசைப்படும் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு

சாயத்தண்ணீர் சுத்திகரிப்பிலேயே தலை நரைத்தவன் நான். பொறியியல் சேரப்போகும் தம்பிகளும் அம்மிணிகளும் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

1. 2024 பிப்ரவரியில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள்; சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அவர்களில் ஒருவர். அந்த நால்வரில் இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போய், ஜூலையில் திரும்பினார். பறந்தே தீரவேண்டும் என்றால் விமானப்படைத் தேர்வுக்கு இப்போதே தயாராகுங்கள்.

2. பம்ப் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். 2024 ஜூனில் விண்வெளி வீரர்கள் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் அந்த நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில், அங்கே சிறுநீரைத் தண்ணீராக்கும் கருவியின் பம்ப் பழுதாகிவிட்டது. மாற்றுப் பம்புக்கு இடம் வேண்டுமென்று இருவரின் துணிப்பெட்டிகளையும் இறக்கிவிட்டார்கள். எட்டு நாளைக்கென்று போனவர்கள் 286 நாள் இருக்க நேர்ந்தது. மேலே துணி துவைக்க மெஷின் கிடையாது. பல நாள் போட்ட பனியனைக் குப்பையோடு சரக்குக்கலத்தில் ஏற்றி, வளிமண்டலத்தில் எரியவிடுகிறார்கள். அங்கேயே துணியைவிடப் பம்புக்குத்தான் முதல் இடம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

3. தண்ணீரைப் படியுங்கள். சாயத்தண்ணீரால் நொய்யல் ஆறு கெட்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க நாம் முழுமூச்சாக இறங்கினோம். ஆர்.ஓ. தாண்டி மிஞ்சும் ரிஜெக்ட்டை எவாப்பரேட்டரில் காய்ச்சும்போதுதான் செலவும் சிக்கலும். நிலையத்திலும் அதே பாடுதான். சிறுநீரை வடித்தபின் மிஞ்சும் உப்புக்கரைசலிலிருந்தும் நீரெடுக்கும் கருவி வந்த பிறகே, 2023இல் தண்ணீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது. லீவில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போங்கள். எவாப்பரேட்டர் டியூபைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, உள்ளே வெள்ளையாக ஓடுகட்டிய உப்பைக் கையால் சுரண்டிப் பாருங்கள். எந்தப் பாடப்புத்தகமும் அதைக் காட்டாது.

4. நிட்டிங்கையும் விடாதீர்கள். விண்நடைக்குப் போகிறவர்கள் உள்ளே அணிவது, நாம் லைக்ரா என்று சொல்கிற ஸ்பான்டெக்ஸ் கலந்த துணிதான். அதில் ஏறத்தாழ 90 மீட்டர் மெல்லிய குழாய் ஓடும். உடம்புச் சூட்டை அதிலுள்ள தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

5. ஊரைச் சொல்லித் தயங்க வேண்டாம். சந்திரயான்-1 திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்.

6. 2035க்குள் நமக்கே ஒரு விண்வெளி நிலையம் என்பது திட்டம். ககன்யானின் உயிர்காப்பு அமைப்பை இஸ்ரோவே உருவாக்குகிறது. மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள் இஸ்ரோவின் விஞ்ஞானி-பொறியாளர் பணிக்கு முயலலாம். அதற்கான பழைய வினாத்தாள்களை இரண்டாம் ஆண்டிலேயே கையில் எடுங்கள்.