மலையேற்றத்தில் எஞ்சின் இருமுவதேன்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அச்சாலையில் ஏலத்தோட்டத்திற்கு ஏறும் பழைய பெட்ரோல் ஜீப் இருமினால், "உயரத்தில் காற்று மெலிவு" என்பர் அங்கத்தினர். இது பிழை. காற்று மெலிந்தால் கார்புரேட்டர் எஞ்சினில் பெட்ரோலே விஞ்சும், புகை கறுக்கும். மாறாக, பிளக்கு முனை வெளுத்து, கார்புரேட்டர் வழியே பின்வெடி கேட்டால், காற்று விஞ்சியதென்று அறிக. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்றே அளவு.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள காஸ்கட்டையும் ரப்பர்க் குழாய்களையும் முதலில் ஐயுறுக. எஞ்சின் சூடேறுமுன் மெதுவாக ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தால், ஓட்டம் மாறுமிடமே ஓட்டை. பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்போரும் உளர். அது தீயோடு விளையாட்டு! ஓட்டை இல்லையேல் அடைபட்ட ஜெட்டை நோக்குக.

நாம் சென்ற ஜீப்பொன்றில், பட்டறையார் ஓட்டையை விட்டுத் திருகை மட்டும் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டியிருந்தனர். வளைவில் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினால் உள்ளிழுப்பு மிகும். ஓட்டைவழிக் காற்றும் மிகும். எட்டாம் வளைவில் எஞ்சின் நின்றது. காய் பறிக்கச் சென்ற பெண்கள் அன்றைய கூலியை இழந்தனர். காஸ்கட்டின் விலை அதனினும் சிறிது!

வெடித்த குழாயைத் துணியால் சுற்றாது மாற்றுக. புதிய காஸ்கட்டு வைத்தபின் போல்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறிது சிறிதாக முறுக்குக.